படிக்கட்டில் மூன்று தட்டு

தம்மாரோவை அரண்மனையில் வைத்திருந்தது அவன் ஊதுகிற கொம்புக்காக அல்ல, அவன் காதுக்காக. கொம்பு ஊத எங்கள் காசெர்த்தா ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் யாராவது ஒரு கொம்பூதியின் தலையில்தான் விழும். ஆனால் வெகு கீழே நடக்கிற காலடியைக் கேட்டே வருகிறவர் யார், பூட்ஸ் புதிதா பழசா, சாப்பிட்டுவிட்டு வருகிறாரா பசியோடு வருகிறாரா என்று சொல்லக்கூடிய ஆள் அவன் ஒருவன்தான். மற்ற வாத்தியக்காரர்கள் அவனை முறக்காதன் என்று கூப்பிட்டார்கள். காதும் அப்படித்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அந்தப் பெரிய படிக்கட்டுக்கு மேலே கூரை ஒன்றல்ல, இரண்டு. கீழ்க் கூரையின் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பெரிய திறப்பு. அதன் வழியாக அண்ணாந்து பார்த்தால் மேல் கூரையில் தீட்டிய மேகங்களும் தேவதைகளும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஆள் நடமாட இடம் இருப்பது கீழே நிற்கிற யாருக்கும் தெரியாது. அங்கேதான் பதினாறு பேர் பிடிலும் கொம்பும் குழலுமாக உட்கார்ந்திருப்பார்கள். ராஜா முதல் படியில் கால் வைத்ததும் வாசிப்பு தொடங்க வேண்டும், அவர் மேல் வாசலுக்குள் நுழைந்ததும் நிற்க வேண்டும். இசை மேல் கூரையில் மோதிச் சுழன்று திறப்பு வழியாகக் கீழே கொட்டும். அது எங்கிருந்து வருகிறது என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. வெளிநாட்டுத் தூதர்கள் பாதிப் படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டதெல்லாம் உண்டு.

அதனால் வாத்தியக்காரர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு தலை திறப்பின் ஓரத்தில் தெரிந்தால் போச்சு, வானத்திலிருந்து வந்த இசை வெங்காயம் தின்ற வாயிலிருந்து வந்த இசையாகிவிடும். பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? கீழே நிற்கிற காவலாளி ராஜா வந்ததும் ஈட்டியின் இரும்படியால் முதல் படியில் மூன்று முறை தட்டுவான். தம்மாரோ திறப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்து, காதைக் கல்லில் வைத்து, அந்த மூன்று தட்டுக்காகக் காத்திருப்பான். கேட்டதும் கையை உயர்த்துவான். கை உயர்ந்தால் வாசிப்பு தொடங்கும்.

யானைக்கும் அடி சறுக்கும். அந்த வருடத்தில் மட்டும் அவனுக்கு இரண்டு முறை சறுக்கிவிட்டது. முதல் முறை விறகு சுமந்தவன் கட்டையைத் தவறவிட்டான், அது மூன்று படி உருண்டது, விறகுக்கு ராஜ மரியாதை நடந்தது. இரண்டாம் முறை ஒரு பிஷப்பின் சமையல்காரன் குச்சி ஊன்றி வந்தான். அவன் பாவம் கொண்டுவந்த முட்டைக் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அரண்மனை காரியஸ்தர் தோன் லிபோரியோ பதினாறு பேரையும் வரிசையில் நிறுத்தி, தம்மாரோவின் காதைப் பிடித்துத் திருகினார்.

"இன்னொரு தடவை இந்தக் காது பிசகுச்சு, நீ வெளிய. ரூமும் கிடையாது, ரொட்டியும் கிடையாது. புரியுதா?"

ரூம் என்பது குதிரை லாயத்துக்கு மேலே இருந்த ஓர் அறை. அதில் அவன் மனைவி கொலம்பா, மூன்று பிள்ளைகள், அவள் வயிற்றில் நான்காவது. மழைக்காலம் வாசலில் நின்றது. அன்றிலிருந்து தம்மாரோவுக்குத் தூக்கத்தில்கூட யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு அக்டோபர் மாதத்துக் காலை. ராஜா விடியுமுன்பே மலைக்காட்டுக்கு வேட்டைக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்குத் திரும்புவார் என்று சொல்லியிருந்தார்கள். பதினாறு பேரும் சுவருக்குள் ஒளிந்திருக்கிற குறுகிய சுழல் படியில் ஏறி, மூச்சு வாங்க மேலே வந்து உட்கார்ந்தார்கள்.

அங்கே பின்பக்கம் ஒரு வட்ட ஜன்னல் உண்டு. அதில் பார்த்தால் தோட்டம். தோட்டம் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. தோட்டம் என்றால் நாலு முட்டைக்கோஸ், ஒரு எலுமிச்சை மரம். இதுவோ நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகிற ஒரே நேர்க்கோடு. கோட்டின் கடைசியில் மலை, மலைத்தலையிலிருந்து குதிக்கிற வெள்ளைத் தண்ணீர். அது குளத்தில் விழுந்து, குளத்திலிருந்து படிகளில் உருண்டு, அடுத்த குளத்துக்குப் போய், பளிங்குப் பெண்களையும் நாய்கள் பாய்ந்து பிடித்த பளிங்கு மானையும் நனைத்து, அரண்மனையை நோக்கி இறங்கி வந்துகொண்டே இருக்கும். இத்தனைக்கும் அந்த மலையில் ஊற்று கிடையாது. எங்கேயோ கண்ணுக்கு எட்டாத மலைகளிலிருந்து, குறுக்கே வந்த பள்ளத்தாக்கில் மூன்றடுக்கு வளைவுப் பாலம் கட்டி, குன்றுகளைக் குடைந்து, தண்ணீரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து அங்கே நிறுத்தி, 'குதி' என்று சொல்லியிருக்கிறார்கள். தம்மாரோ பதினொரு வருடமாக அந்த ஜன்னலைத் தாண்டிப் போகிறான். ஒரு நாள்கூட அவன் வாயை மூடிக்கொண்டு தாண்டியதில்லை. இதையெல்லாம் மனுஷப் பிறவிதான் செய்ததா என்று அவனுக்கு ஒவ்வொரு நாளும் புதிதாகச் சந்தேகம் வரும்.

"வாய்க்குள்ள புறா கூடு கட்டப்போவுது, மூடு" என்றான் பிடில்காரன் நிக்காந்த்ரோ. அவன் மடியில் ரொட்டியும் எருமைப் பாலாடைக்கட்டியும் விரித்திருந்தான்.

"புழுதி தெரியுதுடா. அருவிக்குக் கீழ குதிரை வருது."

"பத்து குதிரையா, பதினஞ்சா?"

"இருபது இருக்கும்."

"அப்போ வேட்டை நல்லா நடந்திருக்கு. ராத்திரி பன்னி எலும்பாவது நமக்கு வரும். நீ போய்ப் படு, முறக்காதா. இன்னிக்கு நாய் குரைச்சதுக்கெல்லாம் கையைத் தூக்கிடாத."

வாத்தியக் குழுவின் தலைவர் கிரெஷென்சோ அறுபது வயதுக்காரர், எப்போதும் மூக்குப்பொடி மணக்கிறவர். அவர் தன் ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் மாட்டுக் கொம்புபோல நீட்டித் தரையைக் குத்தினார். திருஷ்டி கழிய எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது.

"அபசகுனமா பேசாதீங்கடா. தம்மாரோ, நீ படு."

தம்மாரோ படுத்தான். குதிரைகள் வந்துசேர இன்னும் கால் மணியாவது ஆகும். அவன் காதில் முதலில் விழுந்தது காவலாளி சொஸ்ஸியோவின் காலடி. அது வாசல் பக்கம் போய் மறைந்தது. ராஜா வருகிறாரா என்று பார்க்கப் போகிறான் போலிருக்கிறது. பிறகு பின்னால் பிடில்காரர்கள் நரம்பை மெல்ல மீட்டிச் சுருதி பார்த்தார்கள், அந்தச் சத்தத்தில் கீழே வேறெதுவும் கேட்கவில்லை. கல்லின் குளிர்ச்சி கன்னத்தில் ஏறியது. அப்புறம்,

டங். டங். டங்.

இரும்பு, கல், முதல் படி. விறகு இல்லை, குச்சி இல்லை. சொல்லப்போனால் சொஸ்ஸியோ இவ்வளவு சுத்தமாக என்றைக்குமே தட்டியதில்லை. ராஜா குறுக்குவழியில் வந்துவிட்டாரா? தம்மாரோவின் கை தானாக உயர்ந்தது. பதினாறு பேரில் பதினைந்து பேர் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். அவனும் எழுந்து கொம்பை எடுத்துச் சேர்ந்துகொண்டான்.

இரண்டு நிமிடம் போயிருக்கும். கொம்புக்கு இடைவெளி வருகிற இடம். அப்போதுதான் அவன் காது அவனைக் கேட்டது: நாய்கள் எங்கே?

ராஜா வேட்டையிலிருந்து வந்தால் நாய்களும் கூடவே ஏறும், நகங்கள் பளிங்கில் கறகறக்கும், ஒன்றாவது குரைக்கும். இப்போது கேட்பது ஒரே ஒரு செருப்பு, பிறகு ஓர் இரும்பு. செருப்பு, இரும்பு. செருப்பு, இரும்பு. அவன் கிரெஷென்சோவிடம் தவழ்ந்து போனான்.

"ஐயா, ராஜா இல்ல."

பிடில் வாசித்துக்கொண்டே அவர் திரும்பினார். "என்னடா சொல்ற?"

"வேற யாரோ. நிறுத்திடலாமா?"

"நிறுத்தறதா! பாதிப் படியில நிறுத்தினா ஏறுற ஆளுக்கு ஆகாது, வீட்டுக்கும் ஆகாதுன்னு உனக்குத் தெரியாது? தொடங்கியாச்சு, மேல போய்ச் சேர்ற வரைக்கும் வாசிச்சாகணும். கழுதையே ஏறினாலும் சரி. போ, ஊது!"

ஊதுவதற்கு முன் தம்மாரோ ஒரு காரியம் செய்தான். போகப்போகிற வேலைதானே, இனி என்ன விதி? அவன் திறப்பின் ஓரத்துக்குப் போய்த் தலையை நீட்டி, கீழே பார்த்தான்.

பதினொரு வருடமாக அவன் இந்தக் கூரையில் வாசிக்கிறான். வாசிக்கும்போது கீழே என்ன நடக்கிறது என்று அன்றுதான் பார்த்தான். ஒவ்வொன்றும் ஒரே கல்லாக, கடல்சிப்பிகள் உறைந்துகிடக்கிற பளிங்குப் படிகள், ஆறு அகலமாக இறங்கிவருவது போல விரிந்துகிடந்தன. உயர ஜன்னல்களிலிருந்து வெயில் சாய்ந்து, சுவரின் வண்ணப் பளிங்குகளெல்லாம் ஈரமாய் மின்னின. நடுத்தளத்தில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள். அங்கிருந்து படிக்கட்டு இரண்டாகப் பிரிந்து மேலே ஏறுகிறது. அத்தனை பெரிய இடத்தில், சிங்கங்களுக்கு நடுவே, கக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரே ஒரு ஆள் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்திருந்தான். முகம் அண்ணாந்திருந்தது. தம்மாரோவை அவன் பார்க்கவில்லை. அவன் கண்ணில் எதுவுமே பட்டதாகத் தெரியவில்லை. கன்னம் முழுக்கத் தண்ணீர்.

கல்தச்சன் பிரிஸ்கோ. ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. இந்தப் படிகளில் பாதியை இழைத்தவர். இருபத்தைந்து வருடத்துக்கு முன், கடைசிக் கல்லைச் சரிவில் ஏற்றும்போது வடம் அறுந்தது. கல் அவர் இடது காலின் மேல் நின்றது. முழங்காலுக்குக் கீழே வெட்டியெடுத்தார்கள். அதன் பிறகு, படிக்கட்டு கட்டி முடிந்து, ஊரே வந்து வாய்பிளந்த பிறகும், அவர் மட்டும் அரண்மனைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. "என் காலைத் தின்ன கல்லை நான் ஏன் போய்ப் பாக்கணும்?" என்பார். இன்றைக்கு ஒரு சிங்கத்தின் நகம் உடைந்துவிட்டது, ஒட்டுவதற்கு வேறு நல்ல கை கிடைக்கவில்லை என்று ஆள் அனுப்பி, கெஞ்சி வரவழைத்திருந்தார்கள்.

வேலை இருந்தது சிங்கத்திடம். ஆனால் பிரிஸ்கோ சிங்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இசை நிற்கவில்லையே, அதனால் அவர் மேலே ஏறினார். அவர் ஏறுவதால் இசை நிற்கவில்லை. யாரும் யாரையும் விடவில்லை.

ராஜாவின் கால்களுக்கு என்று அளந்து எழுதிய பாட்டு அது. மூன்று நிமிடத்தில் முடியும். முடிந்தபோது பிரிஸ்கோ இன்னும் வலப்பக்கப் படிகளின் அடியிலேயே இருந்தார். கிரெஷென்சோ தலையை ஆட்டினார், மறுபடியும் தொடங்கினார்கள். நிக்காந்த்ரோ வில்லை இழுத்துக்கொண்டே, "ராஜாவுக்கு இன்னிக்கு என்ன, முட்டியில வாதமா?" என்று முணுமுணுத்தான். தம்மாரோ கொம்பை உதட்டில் வைத்தான். கொலம்பாவின் முகம் ஒருமுறை வந்து போனது. பிறகு கீழே பார்த்த அந்த முகம் வந்தது, அது போகவில்லை. அன்றைக்கு அவன் ஊதியதைப் போல முன்பு ஊதியதில்லை. நாம் செய்கிற வேலை கீழே போய் இப்படி இறங்குகிறதா என்று அவனுக்குப் பயமாகவே இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மூன்றாம் முறை முடியும்போது அவன் உதடு வெடித்து ரத்தம் உப்புக்கரித்தது.

மேல் வாசலில் தோன் லிபோரியோ காத்திருந்தார். இசை கேட்டதும் ஒரு காலுறையை மாட்ட மறந்து ஓடிவந்து, கதவைத் திறந்து, தரையைத் தொடும்படி குனிந்து நின்றவர். குனிந்த நிலையிலேயே வெகுநேரம். கடைசியில் அவர் கண்ணெதிரே வந்து நின்றது ஒரு பழைய செருப்பும் ஒரு இரும்புப் பூணும்.

அதற்கப்புறம் நடந்த கூச்சலை எழுதினால் பாதிரியார் என்னைப் பாவமன்னிப்புக்குக் கூப்பிடுவார். சற்று நேரத்தில் பதினாறு பேரும் சுழல் படி வழியாக இறங்கிவந்து மேல் வாசலில் நின்றார்கள். சொஸ்ஸியோவும் ஓடிவந்தான். அவன் கொண்டுவந்த செய்தி இன்னும் அழகு: ராஜா அரண்மனைக்கு வரவே இல்லை. குதிரைகள் மீன்குளத்தின் பக்கம் திரும்பிவிட்டனவாம், அங்கேயே அடுப்பு மூட்டி பன்றியை வாட்டிக்கொண்டிருக்கிறாராம். ஆக, ராஜாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

"யார் கையைத் தூக்கினது?" என்றார் தோன் லிபோரியோ.

"நான்தான், ஐயா."

"மூணாவது தடவை."

"ஆமாங்க."

கிரெஷென்சோ முன்னால் வந்து கைகூப்பினார். "ஐயா, இவன் மேல தப்பில்ல. படியில இரும்பு மூணு தடவை தட்டுச்சு. நாங்க எல்லாருமே கேட்டோம்."

காரியஸ்தர் பிரிஸ்கோவின் பக்கம் திரும்பினார். "நீ தட்டினியா?"

பிரிஸ்கோ அதுவரை யாரையும் கவனிக்காமல் மேல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதை? படியையா? தட்டினேன். தட்டாம ஏறுவாங்களா? எந்தக் கல்தச்சனும் கல்லு மேல காலு வைக்கிறதுக்கு முன்னாடி மூணு தட்டு தட்டிக் கேப்பான். உள்ள கீறல் இருந்தா பொத்துன்னு கேக்கும். நல்ல கல்லுன்னா பாடும். அது நான் இழைச்ச கல்லு. இன்னும் பாடுதான்னு பாத்தேன்."

காரியஸ்தர் அந்த ஊன்றுகோலைப் பிடுங்கி, அதன் இரும்புப் பூணால் வாசற்கல்லில் மூன்று தட்டு தட்டினார். டங், டங், டங். ஈட்டிக்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அவருக்கே தெரிந்தது. கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அதன் இடத்தில் வழக்கமான அலுப்பு வந்தது. அவர் ஒன்றும் ராட்சசன் இல்லை. ஒழுங்கு கெட்டால் தூக்கம் வராத மனுஷன், அவ்வளவுதான்.

"சரி. இந்த நொண்டி தட்டினான், நீ ஏமாந்த. எந்தக் காதும் ஏமாந்திருக்கும். இதை அந்த மூணுல சேக்கல. போய்த் தொலை."

நிக்காந்த்ரோ பின்னாலிருந்து தம்மாரோவின் இடுப்பில் சந்தோஷமாகக் குத்தினான்.

"தம்பி" என்று கூப்பிட்டார் பிரிஸ்கோ. அவர் பார்த்தது தம்மாரோவின் கையிலிருந்த கொம்பையும் உதட்டிலிருந்த ரத்தத்தையும். "நீங்களா வாசிச்சீங்க? மனுஷங்களா? நான் முதல் தட்டுலயே... அந்தக் கல்லுதான் பாடுதுன்னு நெனச்சேன். இருபத்தஞ்சு வருசம் கழிச்சு, எங்கிட்ட மன்னிப்புக் கேக்குதுன்னு நெனச்சேன்." அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "கெழட்டுப் புத்தி. ஆனா பரவால்ல. மனுஷங்க வாசிச்சிருந்தா இன்னும் நல்லது. என் ஒத்தக் காலுக்காக இத்தனை பேரு..."

தோன் லிபோரியோவுக்கு அது பொறுக்கவில்லை. "உன் காலுக்காகவா? கேட்டியாடா கதையை! இது ராஜாவோட பாட்டு. உனக்கா வாசிப்பாங்க? கல்லு செதுக்குறவனுக்கு?" அவர் தம்மாரோவைச் சுட்டினார். "டேய், நீயே சொல்லு இந்த ஆளுக்கு. தெரியாம வாசிச்சுட்டோம்னு சொல்லு. சொல்லிட்டு வேலையப் பாரு."

ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் லாயத்து அறை இருக்கும், ரொட்டி இருக்கும், மழைக்குக் கூரை இருக்கும். பொய்கூட இல்லை, சத்தியமான உண்மை. தம்மாரோ வாயைத் திறந்தான். பிரிஸ்கோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் ஓரங்களில் ஏற்கெனவே கழன்றுகொண்டிருந்தது. அதை இதற்கு முன் பலமுறை கழற்றிக் கொடுத்துப் பழகிய முகம்.

"தெரியாம இல்லீங்க" என்றான் தம்மாரோ. "முதல்ல தெரியாமதான் தொடங்கினோம். அப்புறம் நான் எட்டிப் பாத்தேன். யாருன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் வாசிச்சேன். இவருக்குத்தான்."

கிரெஷென்சோ கண்ணை மூடிக்கொண்டார். நிக்காந்த்ரோவின் கை அவன் இடுப்பிலிருந்து விலகியது.

எட்டிப் பார்த்ததே ஒரு குற்றம். தெரிந்து வாசித்தது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் பதினைந்து பேர் முன்னால் இவன் தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டான். தோன் லிபோரியோவுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

"கொம்பு அரண்மனையோடது" என்றார் கடைசியில், குரல் உயராமல். "வச்சுட்டுப் போ. ஞாயித்துக்கெழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணு."

தம்மாரோ கொம்பைச் சட்டையால் துடைத்து வாசற்கல்லில் வைத்தான். சுழல் படியில் இறங்க இனி அவனுக்கு உரிமை இல்லை. ஆகவே பெரிய படிக்கட்டில் இறங்கினான். பிரிஸ்கோவும் இறங்க வேண்டியிருந்தது, சிங்கத்தின் நகம் இன்னும் அப்படியே கிடந்தது. இறங்குவது அவருக்கு ஏறுவதைவிடக் கஷ்டம். தம்மாரோ தோள் கொடுத்தான். தன்னால் இவனுக்கு என்ன போயிற்று என்று கிழவருக்கு முழுதாகப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. படிகள் அவ்வளவு அகலம், இரண்டு பேரும் நடுவில் வந்தார்கள்.

பாதி வந்ததும் பிரிஸ்கோ நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. ராஜாவுக்கு வாசிக்கிறதும் இதே பாட்டுதானா? இல்ல எனக்குக் கொஞ்சம் கொறைச்சு வாசிச்சீங்களா?"

"இதேதான்" என்றான் தம்மாரோ. "ராஜாவுக்கு ஒரு தடவை வாசிப்போம். உங்களுக்கு மூணு தடவை வாசிச்சோம்."